கரகரப்பு வண்டிக்குள்ளேயே இருக்கிறது

சரோஜ் நாராயணசுவாமி தில்லியில் அமர்ந்து வாசித்த தமிழ்ச் செய்தியைத் தமிழ்நாடு பல பத்தாண்டுகள் காது கொடுத்துக் கேட்டது. அந்தக் காலத்து வானொலியில் குரலுக்கு நடுவே புகுந்த கரகரப்பில் பெரும்பங்கு வானத்தின் வேலை. எங்கோ வெட்டிய மின்னல், இரவில் நிலை மாறும் அயனி மண்டலம், நூற்றுக்கணக்கான மைல் தொலைவு என்று காரணங்களை அடுக்கலாம். இன்று அதே தில்லியிலிருந்து இமயமலைக்குப் புறப்படும் ஒரு கேரவன் வண்டியில் ரேடியோவைத் திருப்பினால் வரும் கரகரப்புக்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. அது பெரும்பாலும் அந்த வண்டிக்குள்ளேயே பிறக்கிறது. கூரையில் இருக்கும் ஆன்டெனா ஒலிபரப்பு நிலையத்தைத் தேடுவதற்கு முன்பே, அதற்கு நாலடி கீழே ஓடிக்கொண்டிருக்கும் மின்னணுப் பெட்டிகளைப் பிடித்துவிடுகிறது.

கேரவனை நாம் படப்பிடிப்புத் தளங்களில் பார்த்துப் பழகியவர்கள். தில்லி, குருகிராம், நொய்டா பக்கம் காணக்கிடைக்கும் கேரவன் வேறு வகை. டெம்போ டிராவலர் போன்ற ஒரு டீசல் வேனின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய வீட்டு வண்டி. இந்தியாவில் மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரவரையறையே இருக்கிறது. உள்ளே இருக்கும் மின்சாமான்களை எண்ணிப் பாருங்கள்: கூரையில் சூரியப் பலகை, அதற்கு எம்.பி.பி.டி. கட்டுப்பாட்டுப் பெட்டி, லித்தியம் பேட்டரி, ஓடும்போது அதைச் சார்ஜ் செய்ய ஒரு டி.சி. மாற்றி, 12 வோல்ட்டை 230 ஆக்கும் இன்வெர்ட்டர், எல்.இ.டி. பட்டைகள், குளிர்பெட்டியின் கம்ப்ரஸர், அரை டஜன் யு.எஸ்.பி. சாக்கெட்டுகள், முன்னால் ஒரு டேஷ்கேம், பின்னால் ஒரு கேமரா. ஒரு காலத்தில் பேட்டரி, பல்பு, விசிறி என்று முடிந்துபோன பட்டியல் இது.

ரேடியோ யாருக்கு வேண்டும், செல்பேசியில் பாட்டு கேட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2023 ஜூலையில் இமாச்சலப் பிரதேசத்தைப் புரட்டிப் போட்ட வெள்ளத்தை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். குலு, மணாலிப் பகுதிகளில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அறுந்தன. உயர்மலையில் சந்திரதால் ஏரிக்கரையில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டனர். அத்தகைய இடத்தில், அத்தகைய இரவில், எந்தக் கோபுரமும் அருகில் இல்லாமல் ஒரு தகவலைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடியது மத்திய அலை வானொலிதான். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவே ஒரு மலை நின்றால் தீர்ந்தது. மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு போகும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டும். வண்டியின் சொந்த இரைச்சல் அதிகமாகப் பாழாக்குவதும் அதைத்தான்.

இதில் ஒரு வினோதம் உண்டு. தில்லிக்குள் மட்டும் ஓட்டும்போது பலர் இந்தக் குறையை உணர்வதே இல்லை. மனிதர்கள் உண்டாக்கும் ரேடியோ இரைச்சலைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இடவாரியாக வகைப்படுத்தியிருக்கிறது. அந்தக் கணக்கின்படி 1 மெகாஹெர்ட்ஸ் அருகே, ஒரு பெருநகரத்தின் இரைச்சல் ஆள் அரவமற்ற நாட்டுப்புறத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. அந்த அளவீடுகள் 1970-களைச் சேர்ந்தவை. வீட்டுக்கு வீடு எல்.இ.டி.யும் சார்ஜரும் வருவதற்கு முந்தையவை. நகரத்தில் பின்னணியும் உரக்க இருக்கிறது, ஒலிபரப்பு நிலையமும் பக்கத்தில் இருக்கிறது. 200 கிலோவாட் நிலையமாக அறியப்பட்ட தில்லியின் 819 கிலோஹெர்ட்ஸ் இந்திரபிரஸ்தா ஒலிபரப்பை நகருக்குள் எந்த மோசமான வண்டியும் பிடித்துவிடும். ஸ்பிதிக்கோ லடாக்குக்கோ போனால் நிலையம் மெலிகிறது, நகரத்தின் இரைச்சலும் காணாமல் போகிறது, எஞ்சுவது வண்டியின் இரைச்சல் மட்டும். அதனால் வண்டியைச் சோதிக்க வேண்டிய இடம் கரோல் பாக் தெரு அல்ல. தேசிய நெடுஞ்சாலை 44-இல் முர்த்தலில் பராட்டா சாப்பிட எல்லோரும் நிறுத்துகிறார்கள். அதையும் தாண்டி, தாபா விளக்குகளும் மின்கம்பிகளும் இல்லாத ஒரு வயலோரம் போய் நிறுத்திச் சோதியுங்கள்.

இனி, இரைச்சல் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

ஆதி வானொலியே தீப்பொறியில் பிறந்ததுதான். 1895-இல் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் சுவர்களைத் தாண்டி மணி அடித்துக் காட்டியபோது அவருடைய அலைகளை உண்டாக்கியது ஒரு மின்பொறி. மின்சாரம் ஒரு இடைவெளியைத் திடீரெனத் தாண்டும்போது, அந்தத் திடீர்த் தன்மையே பரந்த அலைவரிசையில் அலைகளை வீசுகிறது. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் செய்வதும் அதே வேலை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 பொறிகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பு. வானிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் அமெரிக்காவின் கிரீன் பாங்க் ஆய்வகத்தில், தொலைநோக்கிகளுக்கு அருகே டீசல் வண்டிகளை மட்டும் ஓட்டுவதற்குக் காரணம் இதுதான். டீசல் எஞ்சினில் பிளக் பொறி கிடையாது. அழுத்தத்தின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அந்த ஆய்வகத்தைச் சுற்றிய பரந்த நிலத்தை 1958-லேயே ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்துவிட்டார்கள். நம் ஊட்டியில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்து 1970-இல் செயல்படத் தொடங்கிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கிக்கும், பிறகு புனேக்கு அருகே அவர் அமைத்த 30 பெரும் கிண்ணங்களுக்கும் மனிதர்களின் மின்கருவிகள் ஓயாத கவலை.

தில்லியை இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒரு செய்தி புலப்படுகிறது. 1998-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் விளைவாக 2002 முடிவதற்குள் தில்லியின் நகரப் பேருந்துகள் டீசலைவிட்டு சி.என்.ஜி.க்கு மாறின. மூச்சுக்காற்றுக்கு அது பெரிய நன்மை, அதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. ஆனால் சி.என்.ஜி. எஞ்சினுக்குப் பிளக் வேண்டும். ரேடியோ கண்ணோட்டத்தில், பொறியில்லாத எஞ்சின்கள் போய்ப் பொறியுள்ள எஞ்சின்கள் வந்தன. அது பெரும் தொல்லையாகாமல் காப்பாற்றியது பிளக்குக்குள் புதைத்துவைத்த ஒரு சிறு மின்தடை; சுமார் 5000 ஓம். பொறி பாயும் அந்தக் கணத்தின் மின்னோட்ட வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. எஞ்சினின் சக்திக்குக் குறை வராது, ரேடியோவுக்கு நிம்மதி. பிளக் மாற்றும்போது மின்தடை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்களின் பிளக் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இதைத்தான் குறிக்கிறது.

ஆனால் நம் கேரவன் பெரும்பாலும் டீசல். அதில் பிளக் பிரச்சினை இல்லை. அங்கே குற்றவாளி, 'ஸ்விட்சிங்' முறையில் மின்னழுத்தத்தை மாற்றும் பெட்டிகள்.

12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க அந்தக் காலத்தில் மிச்ச மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கினார்கள். இன்றைய சார்ஜர் மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி விட்டு, சராசரியை 5 வோல்ட்டாக்குகிறது. வீணாவது மிகக் குறைவு, பெட்டியும் கைக்குள் அடங்கிவிடுகிறது. பாராட்ட வேண்டிய பொறியியல் இது. ஓடும் தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் குழாய் முழுக்க அதிர்கிறதல்லவா, அப்படித்தான் ஒவ்வொரு வெட்டும் ஒயர்களை அதிர வைக்கிறது. எவ்வளவு பட்டென்று வெட்டுகிறதோ அவ்வளவு உயரமான அதிர்வெண் வரை இரைச்சல் பரவும். 20 நானோ நொடியில் வெட்டினால், சுமார் 16 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இரைச்சல் மெதுவாகத்தான் குறைந்துகொண்டு போகும். அதற்கு மேலும் அது நின்றுவிடுவதில்லை; வேகமாகக் குறையத் தொடங்கும், அவ்வளவுதான்.

இன்னொரு குணமும் உண்டு. இரைச்சல் எல்லா இடத்திலும் சமமாகப் பரவாது. வெட்டும் அதிர்வெண்ணின் முழு மடங்குகளில் போய்க் குவியும். ஒரு சார்ஜர் 273 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வையுங்கள். அதன் மூன்றாம் மடங்கு சரியாக 819. தில்லி நிலையத்தின் தலையிலேயே போய் உட்காரும். வேறொரு சார்ஜர் 300-இல் வெட்டினால் 600, 900, 1200 என்று போகும், 819 தப்பித்துவிடும். ஒரே விலையில் வாங்கிய இரண்டு சார்ஜர்களில் ஒன்று ரேடியோவைக் கொல்வதும் மற்றொன்று சும்மா இருப்பதும் இதனால்தான். ரேடியோவை மெல்லத் திருகிக்கொண்டே போய், 'உர்ர்' என்ற ஒலி எந்தெந்த எண்களில் வருகிறது என்று குறித்துக்கொண்டால், அந்த இடைவெளியே வெட்டும் அதிர்வெண்ணைக் காட்டிக்கொடுக்கும்.

இதுவே பெரிய அளவில் நடப்பது மின்சார வாகனத்தில். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி மோட்டாரை ஓட்டுகிறார்கள். இரைச்சலை அடக்கச் செலவாகும் என்பதால் சில நிறுவனங்கள் மின்சாரக் கார்களிலிருந்து மத்திய அலை ரேடியோவையே எடுத்துவிட்டன. ஃபோர்டு நிறுவனம் அப்படி எடுக்க முடிவுசெய்து, அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்பால் 2023 மே மாதம் பின்வாங்கியது. அவசரகால அறிவிப்புகள் அந்த அலையில்தான் வருகின்றன என்பதே எதிர்த்தவர்களின் வாதம். தில்லிச் சாலைகளில் மின்சாரப் பேருந்தும் மின்ரிக்‌ஷாவும் நிறைந்துவரும் வேளையில் நாமும் யோசிக்க வேண்டிய வாதம் அது.

சின்னக் கருவி எவ்வளவு பெரிய குழப்பம் உண்டாக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி சாட்சி. 1998 முதல் அங்கே அவ்வப்போது புரியாத ரேடியோத் துடிப்புகள் பதிவாயின. 2015-இல்தான் விடை கிடைத்தது: ஆய்வக வளாகத்து மைக்ரோவேவ் அடுப்பு. நேரம் முடிவதற்குள் யாரோ அதன் கதவைத் திறந்த கணத்தில் வெளியேறிய அலை. உலகின் தேர்ந்த ரேடியோ வானியலாளர்களுக்கே பதினேழு ஆண்டுகள் ஆயின என்றால், வேனுக்குள் தேடும் நாம் பொறுமை இழக்கக் கூடாது.

தேடுவதற்குக் காதே முதல் கருவி. எஞ்சினை அணையுங்கள், சாவியை ரேடியோ மட்டும் ஓடும் நிலையில் வையுங்கள், சூரியப் பலகையின் இணைப்பைத் துண்டியுங்கள், இன்வெர்ட்டர், குளிர்பெட்டி, சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மெலிந்த நிலையம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். நிலையமே இல்லாத இடத்தில் வைத்துச் சோதிப்பதைவிட இதுவே நல்லது, ஏனென்றால் நமக்கு வேண்டியது நிலையம் கேட்பது. யு.எஸ்.பி. சாக்கெட்டில் செல்பேசி மாட்டாதபோதும் உள்ளே சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஃபியூஸைக் கழற்றினால்தான் தெரியும். ஃபேனோ வைப்பரோ போட்டதும் சடசடவென்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ். பாலத்தையோ மெட்ரோ பாதையையோ கடந்ததும் போய்விட்டால் அது வெளியிலிருந்து வந்தது. தில்லி மெட்ரோவின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. வண்டி எங்கே போனாலும் கூடவே வந்தால், அது உங்களுடையது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறி, விட்டால் இறங்கும் சீழ்க்கை தனி ரகம். அது ஆல்டர்னேட்டருடையது. வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டர் தன் ஒவ்வொரு சுற்றுக்கும் 36 சிற்றலைகளை மின்சாரத்தில் விட்டுவைக்கும். அது எஞ்சினைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுவதால், எஞ்சின் 2000-இல் ஓடும்போது 3000 ஹெர்ட்ஸ் சீழ்க்கை கேட்கும். இது ரேடியோ அலையே அல்ல, நேரடியாகக் கேட்கும் ஒலி. ஆன்டெனா வழியாக வரவே இல்லை, மின்கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்திருக்கிறது. புளூடூத்தில் பாட்டு போட்டாலும் கேட்டால் உறுதி. இதற்குப் போய் ஆன்டெனாவை மாற்றுபவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். ஆல்டர்னேட்டரின் எர்த், பேட்டரியின் எர்த், ஸ்டீரியோவின் எர்த் மூன்றையும் சுரண்டித் துலக்கி இறுக்கினால் பாதி வண்டிகளில் சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

எர்த் என்று சொன்னதும் எல்லா ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் ஒரு கறுப்பு ஒயரை இழுத்து ஏதோ ஒரு போல்ட்டில் முறுக்கிவிடுவார். பேட்டரி மின்சாரத்துக்கு அது போதும். ரேடியோ அதிர்வெண்ணுக்கு அந்த ஒயர் வேறு பொருளாகிவிடுகிறது. பத்து சென்டிமீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய 100 நானோஹென்றி தூண்டல் இருக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலைக்கு அது சுமார் 63 ஓம் தடை. ஒரு மீட்டர் ஒயர் என்றால் 600 ஓமுக்கு மேல். இணைத்திருப்பதாக நாம் நம்பும் எர்த், அலையைப் பொறுத்தவரை இணைக்கப்படவே இல்லை. அதனால்தான் குட்டையான, தட்டையான செம்புப் பின்னல் பட்டையை வைக்கச் சொல்கிறார்கள். பானெட்டுக்கும் பாடிக்கும், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும், புகைக்குழாய்க்கும் சேசிஸுக்கும் இந்தப் பட்டை இருந்தால் வண்டியின் இரும்பு எல்லாம் ஒரே உடலாக நின்று இரைச்சலைத் தடுக்கும்.

ஆன்டெனாவின் அடிப்பகுதிக்கும் இதே விதி. எஃப்.எம். ரெயின்போவின் 102.6 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கால் அலைநீளம் 73 சென்டிமீட்டர். காரின் நீண்ட குச்சி ஆன்டெனா ஏறக்குறைய அந்த நீளம்தான். ஆனால் குச்சி பாதி ஆன்டெனா மட்டுமே. மறுபாதி அதன் கீழே விரிந்திருக்கும் இரும்புக் கூரை. கேரவன்களில் நிற்பதற்கு உயரம் வேண்டும் என்று எஃப்.ஆர்.பி. எனும் கண்ணாடியிழைக் கூரை போடுகிறார்கள். இரும்பில்லாத அந்தக் கூரையில் ஆன்டெனாவை நட்டால் மறுபாதியை அது தேடும். கண்ணில் படுவது கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னல். அதுவே ஆன்டெனாவாகி, வழியெல்லாம் ஒட்டி ஓடும் சார்ஜர் ஒயர்களின் இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். கூரையின் அடியில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு அலுமினியத் தகடு ஒட்டி ஆன்டெனாவின் அடியை அதோடு சேர்க்கலாம். முடியாவிட்டால் முன்னால் இரும்பு இருக்கும் இடத்துக்கு ஆன்டெனாவையே கொண்டுபோய்விடலாம். இரண்டாவது வழியையே நான் விரும்புவேன், கட்டில் அருகே உள்ள பெட்டிகளிலிருந்து அது தள்ளியும் போகிறது.

தள்ளிப் போவது சாதாரணப் பலன் அல்ல. 819 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 366 மீட்டர். அந்த அளவோடு ஒப்பிட்டால் வண்டிக்குள் இருக்கும் எல்லாமே ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பவை. இவ்வளவு அருகில் ஒரு சிறு மின்வளையத்தின் காந்தப்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிராகக் குறையும். ஒரு மீட்டரில் இருந்த பெட்டியை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் எட்டில் ஒரு பங்கு. மூன்று மீட்டரானால் இருபத்தேழில் ஒரு பங்கு. கடையில் எந்த ஃபில்டரும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. வண்டி கட்டும்போதே எம்.பி.பி.டி. பெட்டியையும் இன்வெர்ட்டரையும் பின்பக்கம் வைத்து, ஆன்டெனாவை முன்பக்கம் வைத்துவிட்டால் பாதிப் போர் முடிந்தது. நம் ஊர் வண்டி கட்டுபவர்கள் வரைபடம் போடும்போது தண்ணீருக்கும் கேஸுக்கும் யோசிக்கிறார்கள், ரேடியோவை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஒயர். பெட்டியிலிருந்து போகும் பிளஸ் ஒயர் ஒரு பக்கமும், திரும்பும் மின்சாரம் பாடி வழியாக இன்னொரு பக்கமும் போனால், நடுவே உள்ள வெளி முழுதும் ஒரு பெரிய வளைய ஆன்டெனா. இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிக் கொண்டுபோனால் ஒன்றின் புலத்தை மற்றது அழிக்கும். சூரியப் பலகையிலிருந்து இறங்கும் ஒயர்களில் இதை அவசியம் செய்ய வேண்டும், ஏனென்றால் அவை ஆன்டெனாவுக்கு அருகிலேயே கூரையில் ஓடுகின்றன.

ஃபெர்ரைட் வளையத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியும். லேப்டாப் கேபிளில் காணும் அந்த உருண்டைக் கட்டி. ஒயர்மேல் ஒன்றைக் கவ்வவைத்துவிட்டுப் பயனில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். மத்திய அலைக்கு ஒரு முறை நுழைத்தால் பலன் மிகச் சொற்பம்தான். ஃபெர்ரைட்டின் தடுக்கும் திறன் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: பத்துச் சுற்று சுற்றினால் ஒரு சுற்றைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. பெரிய வளையமாக வாங்கி, பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையும் சேர்த்து, பெட்டியின் வாயிலிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். எந்த ஃபெர்ரைட் என்பதும் முக்கியம். மத்திய அலைக்கு மாங்கனீஸ்-துத்தநாகக் கலவை, எஃப்.எம்.முக்கு நிக்கல்-துத்தநாகக் கலவை. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் உதிரி பாகம் வாங்கும்போது 'ஃபெர்ரைட் கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்காமல் எந்த அதிர்வெண்ணுக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

பிரஷ் மோட்டாருக்கு மருந்து எளிது: முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், மோட்டாரை ஒட்டியே. டேஷ்கேம் எஃப்.எம்.மைக் கெடுத்தால் அதன் ஒயரை ஆன்டெனா கேபிள் ஓடும் தூணை விட்டு எதிர்ப்பக்கத் தூண் வழியாக இறக்குங்கள். எஃப்.எம்.மில் கரகரப்பு குறைவாகவே கேட்கும், அந்த முறையின் இயல்பு அது. பதிலாக நிலையம் எட்டும் தூரம் சுருங்கிவிடும். 80 கிலோமீட்டர் வரை கேட்ட நிலையம் 40-இல் மறைந்தால் ஒலிபரப்பு மோசம் என்று நினைத்துவிடுகிறோம். டிஜிட்டல் ரேடியோவில் நிலைமை இன்னும் ஏமாற்றுவது. ஆகாசவாணியின் டி.ஆர்.எம். ஒலிபரப்பில் கரகரப்பே வராது. தெளிவாகக் கேட்டுக்கொண்டிருப்பது சட்டென்று ஊமையாகிவிடும். செயற்கைக்கோள் வழிகாட்டியும் இதே ஆபத்தில்தான் இருக்கிறது. ஜி.பி.எஸ். அலை நம்மை வந்தடையும்போது அதன் சக்தி ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். வேலை தொடங்கும் முன் பேட்டரியைத் துண்டியுங்கள்; வெயிலில் சூரியப் பலகை உயிரோடு இருக்கும் என்பதால் அதைத் துணியால் மூடுங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ். ஒயர்களில் ஃபெர்ரைட்டோ கெப்பாசிட்டரோ வைக்கவே கூடாது. இன்வெர்ட்டரின் 230 வோல்ட் பக்கத்தைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சட்டம் என்ன செய்கிறது? ரேடியோ குறுக்கீட்டுக்கான பன்னாட்டுக் குழு சிஸ்பர் 1934-லிருந்து இயங்குகிறது. பக்கத்து வீட்டு ரேடியோவை வண்டி கெடுக்காமல் காப்பது அதன் 12-ஆம் தரம்; வண்டியின் சொந்த ரேடியோவைக் காப்பது 25-ஆம் தரம். இந்தியாவில் இதற்கான தரமான ஏ.ஐ.எஸ்.-004 மூன்றாம் பகுதி, ஐ.நா.வின் ஆர்10 விதியைத் தழுவியது. தில்லிக்குப் பக்கத்து மானேசரில் உள்ள ஐகேட் வாகனச் சோதனை மையத்திலும் சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் மின்காந்தச் சோதனைக்கூடங்கள் உள்ளன. ஆனால் இந்த விதிமுறையின்படி ஓடும் வண்டியின் உமிழ்வை அளப்பது 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை. மத்திய அலை முழுவதும் அந்த வீச்சுக்கு வெளியே நிற்கிறது. தொழிற்சாலையைவிட்டு வந்த பிறகு கடையில் வாங்கிப் பொருத்தும் சார்ஜரும் எல்.இ.டி.யும் அந்தச் சோதனையைப் பார்த்ததே இல்லை. அடாப்டரில் நாம் பார்க்கும் கட்டாயப் பதிவு முத்திரை மின்பாதுகாப்புக்கானது. ரேடியோ இரைச்சலுக்கான சான்று அல்ல. மலைகளும் கடற்கரையும் புயலும் வெள்ளமும் நிறைந்த ஒரு நாட்டில், மத்திய அலையை இன்னும் நம்பியிருக்கும் ஒரு நாட்டில், இந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும். வண்டிக்கென விற்கும் ஒவ்வொரு 12 வோல்ட் கருவிக்கும் 150 கிலோஹெர்ட்ஸிலிருந்தே வரம்பு வைக்க வேண்டும்.

அது வரும்வரை சோதனை நம் கையில்தான். மத்திய அலை எடுக்கும் ஒரு சட்டைப்பை ரேடியோவைக் கையோடு கொண்டுபோங்கள். தில்லி கஃபார் மார்க்கெட்டானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும், வாங்கப்போகும் சார்ஜரை ஒரு பேட்டரியில் மாட்டி, செல்பேசியை அதில் சொருகச் சொல்லி, ரேடியோவை ஒரு முழத் தொலைவில் பிடியுங்கள். நிலையம் மூழ்கிப்போனால் வேறு சார்ஜர் கேளுங்கள். அதுவும் மூழ்கடித்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.